வெள்ளை மிளகு, வாடை இல்லாமல்

ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வெள்ளை மிளகு இப்போது கண்ணாடி ஜாடியில் இருக்கிறது. மூடியைத் திறந்தால் மிளகு வாசம் மட்டும்தான் வருகிறது. இதில் என்ன பெருமை என்று கேட்பவர்கள் வெள்ளை மிளகுப் பொடியை வாங்கி மூக்கருகில் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். பலவற்றில் காரத்துக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகை வாடை ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். போன வருஷம் நான் செய்ததிலும் அதே வாடைதான். இந்த வருஷம் அது வராமல் போனதற்கு ஒரு பிளாஸ்டிக் டிரம்மும் அரை அங்குலக் குழாயும்தான் காரணம். எதை எப்படிச் செய்தேன், எடை எவ்வளவு நின்றது, செலவு என்ன என்பதையெல்லாம் மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

இடம், கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் சித்தப்பாவின் காப்பித் தோட்டம். காப்பிக்கு நிழல் கொடுக்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கிறது. பெரும்பாலும் கரிமுண்டா, நடுநடுவே பன்னியூர் 1. கரிமுண்டா பழைய நாட்டு ரகம், சரம் குட்டையாக இருக்கும், மணிகள் நெருக்கமாக இருக்கும். பன்னியூர் 1 கண்ணூர் மாவட்டத்துப் பன்னியூர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கி 1971இல் வெளியிட்ட கலப்பின ரகம். சரம் நீளம், மணி பெரிது, ஆனால் நிழல் கூடினால் காய்ப்பு விழுந்துவிடும். அதனால் சித்தப்பா அதைத் தோட்டத்தின் ஓரத்து மரங்களில் மட்டும் ஏற்றியிருக்கிறார். இரண்டையும் கலந்து பறித்தேன். அதன் விளைவு கடைசியில் வருகிறது.

சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவக்கத் தொடங்கினால் கருமிளகுக்குப் பறிக்கலாம். தாழ்வான இடங்களில் கார்த்திகை, மார்கழியிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். மலையில் குளிர் அதிகம் என்பதால் மாசி, பங்குனி வரை இழுக்கும். ஏணி என்பது ஒற்றை மூங்கில்தான். கணுவில் கிளைத்ததை நாலு விரல் விட்டு வெட்டியிருப்பார்கள், அந்த முளைதான் படி. பறிக்க வரும் அக்கா இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு அதில் சரசரவென்று ஏறிவிடுவார். நான் கீழே நின்று கைக்கு எட்டியதைப் பறித்ததோடு சரி.

முதல் பறிப்பில் 14 கிலோ சரம் கிடைத்தது. அன்றே உதிர்க்கப் பார்த்தால் மணி காம்பை விட்டு வராது. சாக்கில் கட்டி ஒரு ராத்திரி வைத்திருந்து, மறுநாள் தார்ப்பாயில் கொட்டிக் காலால் மிதித்தால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். காம்பைப் பொறுக்கிய பிறகு 12.6 கிலோ மணி நின்றது. அதில் 10 கிலோவைக் கருமிளகுக்கு ஒதுக்கினேன். 2 கிலோ ஒரு சோதனைக்கு. மிச்சத்தில் இளசாக இருந்ததை எலுமிச்சைச் சாறும் உப்பும் போட்டுச் சித்தி ஊறவைத்துவிட்டார். மொத்தத்தில் முதலில் காலியானது அந்தப் பாட்டில்தான்.

கருமிளகில் ஒரு ஒப்பீடு செய்து பார்க்க நினைத்தேன். 5 கிலோவை அப்படியே வெயிலில் பரப்பினேன். இன்னொரு 5 கிலோவை ஒவ்வொரு கிலோவாகக் கொசுவலைப் பையில் கட்டிக் கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்துப் பரப்பினேன். ஒரு நிமிடம் என்றால் ஒரு நிமிடம்தான். பச்சைத் தோலைக் கறுக்க வைப்பது மிளகிலேயே இருக்கிற நொதி. சூடு பட்டதும் தோல் இளகி அந்த நொதி வேகமாக வேலை செய்கிறது. சூடு அதிகமாகிவிட்டால் நொதியே செத்துப்போய் மிளகு பழுப்பாக நின்றுவிடும். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதால் அப்படி ஆகவில்லை.

முக்கி எடுத்தது அன்று சாயங்காலமே கறுத்துவிட்டது. நாலு நாள் வெயிலில் காய்ந்து, பளபளப்பும் சீரான நிறமும் வந்தது. முக்காதது காய ஏறக்குறைய ஒரு வாரம் ஆனது. நிறம் சில இடத்தில் கறுப்பு, சில இடத்தில் பழுப்பு. எடையில் பெரிய வித்தியாசம் கிடையாது: முக்கியது 1.71 கிலோ, முக்காதது 1.68. வாசத்தில் முக்காதது கொஞ்சம் தூக்கல் என்று எனக்குத் தோன்றுகிறது. சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "ரெண்டையும் ரசத்துல போட்டு எது எதுன்னு சொல்லு பாப்போம்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

காய்ந்ததா என்று பார்க்க வியாபாரிகள் பல்லில் கடித்துப் பார்ப்பார்கள். ‘டக்’கென்று உடையவேண்டும், நசுங்கக் கூடாது. அதற்கு மேல் நான் செய்தது இதுதான்: ஒரு கிண்ணம் மிளகைத் தனியாக அடையாளம் வைத்துத் தினமும் சாயங்காலம் டிஜிட்டல் தராசில் நிறுத்தேன். இரண்டு சாயங்காலம் எடை மாறவில்லை என்றால் மூட்டை கட்டலாம். பச்சையில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். அது பதினொன்று, பன்னிரண்டு சதவீதத்துக்கு இறங்காமல் கட்டிவைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

முறத்தில் புடைத்துப் பொக்கை எடுத்தபின் லிட்டர் எடை பார்த்தேன். ஒரு லிட்டர் படியில் தட்டாமல் நிரப்பி நிறுத்தால் 565 கிராம். வியாபாரத்தில் 550 வந்தால் நல்ல சரக்கு என்பார்கள், அதனால் எனக்குத் திருப்தி. பிறகு ஹார்டுவேர் கடைக் கம்பி வலையைச் சட்டத்தில் அடித்துச் சலித்தேன். கண் சுமார் 5 மில்லிமீட்டர். மேலே நின்றதில் பெரும்பகுதி பன்னியூர் மணி. ஏற்றுமதியில் ‘தலச்சேரி எக்ஸ்ட்ரா போல்ட்’ என்று விலை கூட்டி விற்பதும் இப்படிச் சலித்துப் பிரித்ததுதான், அங்கே கணக்கு 4.25 மில்லிமீட்டருக்கு மேல். ஊர்ப் பெயரைப் பார்த்து அது ஏதோ தனிச் செடி என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

கருமிளகு சுலபம். வெயில் இருந்தால் யாருக்கும் வரும். தலைவலி வெள்ளை மிளகில்தான்.

வெள்ளை மிளகும் இதே கொடியில், இதே சரத்தில் விளைவது. நன்றாகப் பழுத்த மணியைத் தண்ணீரில் ஊறப்போட்டுத் தோலை அழுக விட்டு, கசக்கிக் கழுவி, உள்ளே இருக்கும் வித்தை மட்டும் காயவைத்தால் வெள்ளை மிளகு. போன வருஷம் ஒரு பக்கெட்டில் ஊறப்போட்டு மூடி வைத்திருந்தேன். ஞாபகம் வந்தபோது தண்ணீர் மாற்றினேன். தோல் அருமையாகக் கழன்றது. ஆனால் வாடை வித்துக்குள் ஏறிவிட்டது. எத்தனை தடவை கழுவினாலும், எத்தனை நாள் வெயிலில் போட்டாலும் போகவில்லை. தேங்கிய தண்ணீரில் தோல் அழுகும்போது பாக்டீரியாக்கள் ஸ்கட்டோல், கிரெசால் போன்ற சேர்மங்களை உண்டாக்குகின்றன. சாணத்துக்கும் கொட்டகைக்கும் அந்த வாடை வருவதும் இவற்றால்தான். ஆகவே, வந்த பிறகு போக்க முடியாது, வராமல்தான் பார்க்கவேண்டும்.

அழுக விடாமலே தோலை எடுத்தால் என்ன என்று 2 கிலோவை வைத்துச் சோதனை. பச்சை மணியைக் கால் மணி நேரம் வேகவைத்து, ஆறியதும் சாக்கில் போட்டுக் கசக்கினேன். தோல் வந்தது, வாடை துளிகூட இல்லை. காய்ந்து வந்தபோது பார்த்தால் சாம்பலும் பழுப்புமாக ஒரு நிறம். உள்ளே இருக்கும் மாவுச்சத்து வெந்துபோனதால் அப்படி ஆகிவிடுகிறது. காரத்துக்குக் குறையில்லை, வாசம்தான் பாதியாகிவிட்டது. வெந்நீரோடு எண்ணெய்ச் சத்து போயிருக்கவேண்டும். வெளுக்க வைக்க ரசாயனம் போடுகிறார்கள். சாப்பிடுகிற பொருளில் அந்த வேலை எனக்குப் பிடிக்கவில்லை. அந்த மிளகு இப்போது மிளகாய்ப்பொடி அரைக்கும்போது கூடச் சேர்ந்து காலியாகிக்கொண்டிருக்கிறது.

மிச்சம் இருந்த வழி ஓடுகிற தண்ணீர். ஓடையில் சாக்கைக் கட்டிப்போடுவதுதான் பழைய முறை. எங்கள் ஓடைக்குக் காட்டெருமை வருகிறது, சாக்கு மிஞ்சாது. அதனால் ஓடையைக் களத்துக்குக் கொண்டுவந்தேன். மேலே தொட்டியிலிருந்து சரிவில் வரும் குழாய்த் தண்ணீர் ஏற்கெனவே இருக்கிறது, மோட்டார் வேண்டாம்.

ஊறுகாய் வந்த 40 லிட்டர் டிரம் ஒன்று பழைய சாமான் கடையில் 300 ரூபாய். டேங்க் நிப்பிள் இரண்டு, 120. அரை அங்குல வால்வு 180. ஐந்து மீட்டர் ஹோஸ் 150. டிரம்மின் அடியிலிருந்து நாலு விரல் மேலே ஒரு ஓட்டை போட்டுத் தண்ணீர் உள்ளே வர வைத்தேன். மேல் விளிம்புக்குக் கீழே இன்னொரு ஓட்டை, தண்ணீர் வழிய. முதலில் இதைத் தலைகீழாகத்தான் செய்திருந்தேன், மேலே விட்டுக் கீழே எடுத்தேன். மேலே விழுந்த தண்ணீர் ஓரமாகவே இறங்கி வெளியே போய்விட்டது, நடுவில் இருந்த பை அப்படியே தேங்கிய தண்ணீரில் கிடந்தது. கையை விட்டுப் பார்த்தால் பை வெதுவெதுப்பு, சுற்றிலும் ஜில். நல்லவேளை முதல் நாளே தெரிந்தது. குழாயை மாற்றிக் கொடுத்து, பையையும் ஒன்றுக்குப் பதில் இரண்டு சின்னப் பையாக்கி, மேலே எழும்பாமல் கல் வைத்துக் கட்டினேன்.

இதற்கு இரண்டாவது பறிப்பு. சரத்தில் பாதிக்கு மேல் சிவந்தது மட்டும். உதிர்த்தபின் சரியாக 5 கிலோ. வால்வைத் திருகி, வழிகிற இடத்தில் ஒரு லிட்டர் மக்கைப் பிடித்து, அது நிரம்ப இரண்டு நிமிடம் ஆகும்படி வைத்தேன். மணிக்கு 30 லிட்டர். அது அப்படியே வாழைக்குப் போனது. தினமும் காலையில் வழிகிற தண்ணீரை மோந்து பார்ப்பதுதான் பரிசோதனை. மூன்றாம் நாளிலிருந்து புளிப்பு வாசம் லேசாக வந்தது, கொட்டகை வாடை கடைசிவரை வரவில்லை. வாரம், பத்து நாளில் தோல் கழலும் என்பார்கள். தண்ணீர் சில்லென்று இருந்ததால் இங்கே அதையும் தாண்டியது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் வித்து வழுக்கி வெளியே வரவேண்டும். பெரிய மணியில் அது சீக்கிரம் வந்தது, கரிமுண்டாவின் சின்ன மணி பிடிவாதம் பிடித்தது.

கசக்குவது அலுப்பான வேலை. ஈரச் சாக்கில் கைப்பிடி கைப்பிடியாக வைத்துத் தேய்த்து, வாளியில் கொட்டி, மிதக்கிற தோலை வடித்து, மறுபடியும் தேய்க்கவேண்டும். வெறும் கையால் தேய்த்ததில் ராத்திரி முழுக்க உள்ளங்கை எரிந்தது. தயிர் தடவியும் அடங்கவில்லை. ரப்பர் கையுறை நாற்பது ரூபாய்தான், அதை வாங்கியிருக்கலாம். பழைய வெள்ளை வேட்டியில் பரப்பிக் காயவைத்தேன். இரண்டாம் நாளே தந்த நிறம் வந்துவிட்டது. முழுக்கக் காய்ந்து, புடைத்து, நிறுத்தபோது 1.27 கிலோ.

இந்த எடைகளைக் கையில் வைத்துக்கொண்டு பழைய கதைகளைப் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய முசிறியை அகநானூறு 149ஆம் பாட்டு சொல்வதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு இப்போது அதில் உறுத்துவது காலண்டர். முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியபடி கப்பல்கள் இந்தியாவிலிருந்து டிசம்பரில், பிந்தினால் ஜனவரி பாதிக்குள் கிளம்பிவிடும், வாடைக்காற்றைப் பிடிக்க. மிளகுப் பறிப்பு அப்போதுதான் சூடு பிடிக்கும். ஆக, அவசரமாகக் காயவைத்த முதல் பறிப்போ, போன வருஷத்துச் சரக்கோதான் கப்பலில் ஏறியிருக்க முடியும். நன்றாகக் காய்ந்த மிளகு வருஷக்கணக்கில் கெடாது என்பதால் பழைய சரக்கு என்றாலும் நஷ்டமில்லை.

எகிப்தின் செங்கடல் கரையில் பெரனிகே துறைமுகத்தை அகழ்ந்தபோது ஒரு கோயில் முற்றத்தில் இந்திய ஜாடி ஒன்றில் ஏழரைக் கிலோ கருமிளகு கிடைத்தது. என் விகிதப்படி அதற்கு 22 கிலோ பச்சை மணி வேண்டும். என் இரண்டு பறிப்பையும் முழுக்கக் கருமிளகாக்கியிருந்தாலும் அந்த ஜாடி நிறைந்திருக்காது. 408இல் ரோம் நகரை முற்றுகையிட்ட விசிகோத் தலைவன் அலாரிக், விலகிப் போவதற்குப் பொன் வெள்ளியோடு 3,000 ராத்தல் மிளகும் வாங்கினான். ரோமானிய ராத்தல் சுமார் 327 கிராம். கிட்டத்தட்ட ஒரு டன் மிளகு, அதாவது மூன்று டன் பச்சை மணி. மூங்கில் ஏணியில் ஏறி இறங்கியவர்களை நினைத்தால் எனக்கே கால் வலிக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது பிளினி கொடுக்கும் விலைப்பட்டியல். ஒரு ராத்தல் கருமிளகு 4 தினாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு), வெள்ளை 7. 10 கிலோ பச்சை மணியிலிருந்து எனக்குக் கருமிளகு 3.4 கிலோ வருகிறது, வெள்ளை என்றால் 2.54 கிலோதான். அந்த விலையில் பெருக்கிப் பார்த்தால் வெள்ளையாக விற்பவனுக்கு ஏறக்குறைய முப்பது சதவீதம் அதிகம். நான் கேட்டபோது சித்தப்பாவின் வியாபாரி சொன்ன விலை கருமிளகு கிலோ 650, வெள்ளை 950. அதே 10 கிலோ பச்சைக்குக் கருப்பில் 2,210 ரூபாய், வெள்ளையில் 2,413. வித்தியாசம் இருநூறு. ஊறவைத்துக் கசக்குவதற்கு அரை நாள் கூலிக்குக்கூட அது காணாது. சித்தப்பா இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு, "ஏப்பா, ரோமாபுரிக்கே அனுப்பிரு" என்று எழுந்து போய்விட்டார். விற்பதற்கென்றால் நானும் செய்யமாட்டேன். வீட்டுக்கு என்றால் செய்யலாம், அதுவும் எதற்கு என்று தெரிந்து செய்யவேண்டும்.

சமையலில் போட்டுப் பார்த்ததில் தெரிந்தது இதுதான். காரம் தரும் பைப்பரின் வித்தில் இருக்கிறது, அதனால் வெள்ளையில் காரம் குறைவதில்லை. வாசத்தில் பெரும்பங்கு தோலில். அது போய்விட்டதால் ரசத்தில் வெள்ளை மிளகு போட்டால் தொண்டையில் மட்டும் எரிகிறது, மூக்குக்கு எதுவும் வருவதில்லை. மிளகுக் குழம்புக்கும் ஆகாது. அதற்கு வறுத்த தோலின் வாசம்தான் உயிர். மிளகாய் போர்த்துகீசியர்கள் வந்த பிறகு பதினாறாம் நூற்றாண்டில் நுழைந்தது, அதற்கு முன் நம் அடுப்பில் காரம் என்றாலே மிளகும் திப்பிலியும் இஞ்சியும்தான். அந்தப் பழைய சமையலின் மிச்சம் மிளகுக் குழம்பு. அதில் கை வைக்காதீர்கள். பொங்கலில் வெள்ளை மிளகு போட்டது இன்னும் மோசம், அரிசியோடு அரிசியாக ஒளிந்துகொண்டு கண்ணுக்கே தெரியாமல் பல்லில் மாட்டுகிறது.

நன்றாக இருந்தது தேங்காய்ப் பால் சேர்ந்தவற்றில். சொதியில் பச்சை மிளகாயைப் பாதியாக்கி, இறக்கும்போது வெள்ளை மிளகைத் தட்டிப் போட்டால் பாலின் இனிப்பைக் கெடுக்காமல் அடியில் ஒரு சூடு நிற்கிறது. அவித்த முட்டை, மசித்த உருளைக்கிழங்கு, நீர் மோர், மூன்றுக்கும் சரி. பொடியாக்கி வைக்காதீர்கள், அன்றன்றைக்கு உரலில் இடித்தால் போதும். மிக்ஸி சூடாகிற சூட்டிலேயே பாதி வாசம் போய்விடுகிறது.

அடுத்த மாசியில் மாற்றப்போவது: வால்வை இன்னும் மூடி மணிக்கு 10 லிட்டராக்கிப் பார்க்கவேண்டும், 30 வீண். குழாய்த் தண்ணீர் இல்லாத வீட்டில் காலையும் மாலையும் முழுத் தண்ணீரையும் மாற்றினால் ஒருவேளை போதுமானதாக இருக்கும், அதை ஒரு கிலோவில் பக்கத்திலேயே செய்து ஒப்பிடப்போகிறேன். பன்னியூரையும் கரிமுண்டாவையும் தனித்தனிப் பையில் போடவேண்டும். இந்தத் தடவை சின்ன மணிக்காகக் காத்திருந்ததில் பெரிய மணி சிலது தேவைக்கு மேல் ஊறி, காய்ந்ததும் ஓரத்தில் விண்டுவிட்டது. அவற்றை மட்டும் பொறுக்கி எடுத்தேன், 90 கிராம். மோர்ப் பானைக்குப் பக்கத்தில் தனி டப்பாவில் இருக்கிறது.